நெற்கதிர் செதுக்கிய கட்டில் – வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

வணக்கம். நாங்கள் அட்லாண்டாவுக்குப் பக்கத்தில் இருக்கிறோம். இந்த நவம்பரில் எங்களுக்கு இருபத்தைந்தாவது திருமண நாள். எங்கள் ஜார்ஜியா மாநிலத்துப் பழைய ஊரான சவன்னாவுக்குப் போவதென்று முடிவு செய்திருக்கிறோம். அங்கே ஒரு பழைய மாளிகை விடுதியில் மூன்று இரவு தங்க வேண்டும் என்பது என் வெகுநாள் ஆசை. நாலு கால் கட்டில், அறைக்குள்ளேயே கணப்பு, பாசி தொங்கும் மரங்களைப் பார்த்த ஜன்னல் என்று படங்களைப் பார்த்தே மயங்கிக் கிடக்கிறேன்.

வீட்டில் இரண்டு எதிர்ப்பு. கணவர், ‘பழைய வீட்டில் படுக்கவா இவ்வளவு பணம்? எங்க தாத்தா வீடு நூறு வருஷத்துப் பழசு, காசே கொடுக்காமல் படுத்திருக்கிறேன்’ என்கிறார். நெடுஞ்சாலை ஓர மோட்டலில் பாதிக்கும் குறைவாம், நீச்சல் குளமும் உண்டாம். மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. அவள், ‘அந்த வீடெல்லாம் அடிமைகளை வைத்துச் சம்பாதித்த பணம்மா. அங்கே போய்க் கொண்டாடுவியா?’ என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள். அவரைச் சமாளித்துவிடுவேன். இவளுக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை.

அமெரிக்கத் தெற்கு மாநிலங்களைச் சுற்றியதைப் பற்றி நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். சொல்லுங்கள், தங்கலாமா? நாங்கள் சைவம் என்பதையும், எனக்குப் பேய் பயம் உண்டு என்பதையும் சேர்த்துக்கொள்ளவும்.

ம.,
ஜார்ஜியா

அன்புள்ள ம.,

தங்குங்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கீழே எழுதப்போவதைப் பாதி படித்துவிட்டு, ‘இவரும் மகள் கட்சிதான்’ என்று நீங்கள் அறையை ரத்து செய்துவிடக் கூடாது.

உங்கள் கணவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அறையை மட்டும் எடை போட்டால் அந்தப் பணத்துக்கு அது தகாது. இந்த வீடுகள் பலவற்றில் லிஃப்ட் கிடையாது. மரத்தரை, நடந்தால் முனகும். குளியலறை, முன்பு அலமாரி இருந்த மூலையில் பிற்பாடு செருகியதாக இருக்கும். பக்கத்து அறைக்காரர் தும்மினால் இங்கே கேட்கும். ஆனால் சவன்னாவில் நீங்கள் கொடுக்கும் வாடகையில் பாதி அறைக்கு இல்லை, வாசலுக்கு.

1733இல் ஜேம்ஸ் ஓகில்தோர்ப் என்ற ஆங்கிலேயர் அந்த ஆற்றங்கரை மேட்டில் வந்து இறங்கினார். அங்கே இருந்த யாமக்ரா பழங்குடி மக்களின் தலைவர் தோமோசிச்சியோடு பேசி இடம் பெற்று, கோடு போட்டு ஊரை அமைத்தார். அவருடைய திட்டம் எளிமையானது. நடுவில் திறந்த சதுக்கம். அதற்கு வடக்கிலும் தெற்கிலும் 60 அடிக்கு 90 அடியாக நாற்பது வீட்டு மனைகள். கிழக்கிலும் மேற்கிலும் தேவாலயம், பொதுக் கட்டடம் ஆகியவற்றுக்குப் பெரிய மனைகள். இது ஒரு வார்டு. ஊர் வளர்ந்தால் பக்கத்தில் இன்னொரு வார்டு. நூற்றிருபது வருஷம் கிட்டத்தட்ட இதே அச்சில்தான் ஊரை வார்த்தார்கள். மொத்தம் 24 சதுக்கங்கள் போட்டதில் 22 இன்றும் இருக்கின்றன.

இதனால் என்ன ஆகிறது என்றால், கார்க்காரன் ஒவ்வொரு சதுக்கத்திலும் வேகத்தைக் குறைத்துச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். நடப்பவர் நேராக நடுவில் புகுந்து போகலாம். புல் ஸ்ட்ரீட்டில் நகர மன்றத்திலிருந்து கிளம்பினால் ஜான்சன், ரைட், சிப்பெவா, மேடிசன், மான்டெரே என்று ஐந்து சதுக்கங்களைக் கடந்து, 1858இல் வைத்த நீரூற்று இருக்கும் ஃபோர்சைத் பூங்காவில் போய் முடியும். வழியெல்லாம் லைவ் ஓக் மரங்கள். அதில் தொங்குவது பாசியே இல்லை, அன்னாசிக் குடும்பத்துச் செடி. மரத்திலிருந்து எதையும் உறிஞ்சுவதில்லை, காற்றில் இருக்கும் ஈரத்தை வைத்தே பிழைத்துக்கொள்கிறது. காலை ஏழு மணிக்கு, சுற்றுலா வண்டிகள் மணியடிக்க ஆரம்பிக்கும் முன்னால், கையில் காபியோடு இதை நடப்பதற்குத்தான் பணம். மோட்டலில் தங்கினால் காரை எடுத்து, வண்டி நிறுத்த இடம் தேடி, அதற்குக் காசு போட்டு நீங்கள் வந்து சேர்வதற்குள் ஊர் விழித்திருக்கும்.

(மோட்டலைக் குறைவாகச் சொல்வதாக நினைக்க வேண்டாம். அமெரிக்க மோட்டல்களில் கணிசமான பங்கு குஜராத்திகள் கையில் இருக்கிறது. முன்மேசையில் இருக்கும் பட்டேல் மாமி கொடுக்கும் தேநீர் எந்த மாளிகையிலும் கிடைக்காது. உங்கள் கணவரை அடுத்த பயணத்துக்கு அங்கே கூட்டிப் போங்கள்.)

அப்புறம், இந்த வீடுகள் இன்றைக்கு நிற்பதே பெரிய விஷயம். வழிகாட்டிகள் உங்களிடம் ஒரு கதை சொல்வார்கள்: உள்நாட்டுப் போரில் வழியெல்லாம் எரித்துக்கொண்டு வந்த வடக்குப் படை ஜெனரல் ஷெர்மன், சவன்னாவின் அழகைப் பார்த்து மனமிரங்கி விட்டுவிட்டார் என்று. நல்ல கதை. நடந்தது வேறு. 1864 டிசம்பர் 20 இரவு, ஊரைக் காத்துக்கொண்டிருந்த தெற்குப் படை ஆற்றின் மேல் மிதவைப் பாலம் போட்டு அக்கரைக்கு ஓடிவிட்டது. மறுநாள் காலை மேயரே போய் ஊரை ஒப்படைத்தார். எதிர்க்க ஆளில்லாத ஊர், கிடங்குகள் நிறையப் பருத்தி. அதை ஏன் எரிக்க வேண்டும்? 25,000 பொதிப் பருத்தியோடு ஊரைக் கிறிஸ்துமஸ் பரிசாகத் தருகிறேன் என்று ஷெர்மன் அதிபர் லிங்கனுக்குத் தந்தி அடித்தார்.

போரில் தப்பிய ஊரை அழிக்கப் பார்த்தது கார். பருத்திக் காய் வண்டும் விலைச் சரிவும் வந்து, 1920களுக்குப் பிறகு ஊர் வறுமையில் விழுந்தது. மாளிகைகளைத் தட்டி வைத்துத் தடுத்து ஒண்டுக்குடித்தனம் விட்டார்கள். 1954இல் எல்லிஸ் சதுக்கத்தில் இருந்த பழைய சந்தையை இடித்துவிட்டு அடுக்கு வாகன நிறுத்தம் கட்டினார்கள். அடுத்ததாக 1820இல் கட்டிய டேவன்போர்ட் வீட்டின் முறை வந்தது, அதுவும் வாகனம் நிறுத்த இடத்துக்காகத்தான். ஏழு பெண்கள் சேர்ந்து 22,500 டாலர் திரட்டி அந்த வீட்டை வாங்கினார்கள். அவர்கள் 1955இல் தொடங்கிய அமைப்பு, இடிபட இருந்த வீடுகளை வாங்கி, ‘இடிக்க மாட்டேன், சீர் செய்வேன்’ என்று எழுதி வாங்கிக்கொண்டு விற்றது. வந்த பணத்தில் அடுத்த வீடு. இப்படி நூற்றுக்கணக்கான கட்டடங்கள் பிழைத்தன. ஆனால் பதினைந்து அறை கொண்ட வீட்டுக்கு யார் ஓடு மாற்றுவது, யார் வண்ணம் அடிப்பது? ஒன்று அருங்காட்சியகம் ஆக வேண்டும், இல்லை வக்கீல் அலுவலகம் ஆக வேண்டும், இல்லை விடுதி ஆக வேண்டும். எனக்கு விடுதிதான் உசத்தி. ராத்திரியிலும் விளக்கு எரியும் வீடு அது.

சரி, மகளிடம் வருவோம். அதற்கு நான் தங்கிய இடத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பெயர் சொல்லவில்லை, விளம்பரமாகிவிடும். போருக்கு முந்தைய வீடு. தெருவிலிருந்து உயரமான படிக்கட்டு ஏறித்தான் முன்வாசல். அந்தக் காலத்துத் தெரு வெறும் மணலும் குதிரைச் சாணமும். அந்தத் தூசி வரவேற்பறைக்கு வராமல் இருக்க வீட்டை மேலே தூக்கி வைத்தார்கள். படிக்குக் கீழே ஒரு சின்னக் கதவு. உள்ளே தாழ்ந்த கூரை, தடித்த சுவர். இன்று அதைத் தோட்டத் தளம் என்று சொல்லி, கொஞ்சம் குறைந்த வாடகைக்கு விடுகிறார்கள். முன்பு அது வேலை நடந்த இடம். கொல்லைப் பக்கத்துச் சின்னத் தெருவைப் பார்த்து ஒரு வண்டிக் கொட்டகை, அதன் மாடியில் இரண்டு அறை. அதையும் இப்போது அறைகளாக்கியிருக்கிறார்கள், தேனிலவுக்காரர்கள் விரும்பிக் கேட்கிறார்களாம். அங்கே முன்பு யார் படுத்திருந்தார்கள் என்று விடுதியின் வண்ண மடிப்பேட்டில் ஒரு வரி இல்லை.

என் அறை மேலே. மஹோகனிக் கட்டில், ஏறிப் படுக்கப் பக்கத்தில் ஒரு குட்டி முக்காலி போட்டிருந்தார்கள். நாலு காலும் கூரையைத் தொடுகிற மாதிரி உயரம். கால்களில் இடுப்பளவுக்கு மேலே சிற்ப வேலை. முதலில் நீள நீளமான தாள்கள் ஒன்றின் மேல் ஒன்றாகத் தண்டைத் தழுவி ஏறுகின்றன, அவற்றுக்கு நடுவிலிருந்து கதிர்கள் வெளிவந்து பாரம் தாங்காமல் சாய்கின்றன. ஒவ்வொரு மணியையும் தனித்தனியாகச் செதுக்கியிருந்தான் அந்தத் தச்சன். காவிரிக் கரையில் பிறந்தவனுக்கு அது என்ன என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நெல். பால் பிடித்துத் தலை சாய்ந்த நெல். தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனிலும் சவன்னாவிலும் இதை ‘ரைஸ் பெட்’ என்றே சொல்கிறார்கள். இன்றைக்கு விடுதிகளில் இருப்பவை பெரும்பாலும் பழசைப் பார்த்துச் செய்தவை. கதிர் அதே கதிர்தான்.

படுக்கைக் காலில் நெல்லை எதற்குச் செதுக்குகிறார்கள்? பணம் அதிலிருந்து வந்தது. சவன்னா என்றால் எல்லோருக்கும் பருத்தி ஞாபகம் வரும். பருத்திக்கு முன்னால் அந்தக் கடற்கரை நெல்லில் கொழித்தது. சவன்னா, ஒகீச்சி, அல்டமஹா ஆறுகளின் முகத்துவாரங்களில் கடல் ஏறும்போது ஆற்று நன்னீர் பின்னுக்குத் தள்ளப்பட்டு மேலே எழும். அப்போது மதகைத் திறந்தால் வயல் நிறையும், கடல் இறங்கும்போது திறந்தால் வடியும். ஏற்றம் வேண்டாம், மழையை எதிர்பார்க்க வேண்டாம். கேட்க அழகாக இருக்கிறது. அதற்கு முன்னால் முதலையும் பாம்பும் மலேரியாக் கொசுவும் நிறைந்த சதுப்புக் காட்டை வெட்டி, மைல் கணக்கில் வரப்பு போட வேண்டும், எல்லாம் மண்வெட்டியால். நெற்பயிரையே பார்த்திராத ஆங்கிலேயத் துரைகளுக்கு இந்த விவசாயம் தெரியாது. தெரிந்தவர்கள் மேற்கு ஆப்பிரிக்காவில் தலைமுறை தலைமுறையாக நெல் விளைவித்தவர்கள். அவர்களைத்தான் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். அவர்கள் புல்லைச் சுருட்டிப் பின்னி நெல் புடைத்த தட்டுக் கூடையைப் பார்த்தால் நம் முறம் மாதிரியே இருக்கும், வடிவம் மட்டும் வட்டம்.

ஜார்ஜியாவில் ஆரம்பத்தில் அடிமை முறைக்குத் தடை இருந்தது தெரியுமா? 1735இல் சட்டமே போட்டார்கள். ஆற்றுக்கு அக்கரையில் கரோலினாக்காரர்கள் அடிமைகளை வைத்து நெல்லில் பணக்காரர்களாவதைப் பார்த்துப் பார்த்து இக்கரைக்காரர்களுக்குப் பொறுக்கவில்லை. விண்ணப்பத்துக்கு மேல் விண்ணப்பம். 1751இல் தடை போயிற்று. அந்தத் தடையை உடைத்தது நெல் ஆசைதான் என்று சொன்னால் பெரிய தப்பில்லை.

நூறு வருஷம் தள்ளி 1859 மார்ச் 2, 3 தேதிகளில் வாருங்கள். பியர்ஸ் பட்லர் என்ற பண்ணையார் கடனில் மூழ்கி, தன் நெல் பண்ணையிலும் பருத்திப் பண்ணையிலும் இருந்தவர்களை ஏலம் விட்டார். இடம், சவன்னாவுக்கு வெளியே ஒரு குதிரைப் பந்தய மைதானம். ஆட்களைக் குதிரை லாயத்தில் அடைத்து வைத்திருந்தார்கள். நியூயார்க் டிரிப்யூன் தன் நிருபரை வாங்க வந்தவர் போல வேஷம் போட்டு அனுப்பியது. அவர் எழுதியதில் உங்கள் கடிதத்தோடு நேராகச் சம்பந்தப்பட்ட ஒரு தகவல் இருக்கிறது: ஏலத்துக்குப் பல நாள் முன்பிருந்தே சவன்னாவின் ஒவ்வொரு விடுதியும் அடிமை வியாபாரிகளால் நிரம்பி வழிந்தது. வர்ஜீனியாவிலிருந்து லூசியானா வரை எங்கெங்கிருந்தோ வந்திருந்தார்கள். மதுக்கூடத்தில் அதே பேச்சு. ஏலப் பட்டியலின் தொடக்கத்தில் ஒரு குடும்பம். ஜார்ஜ், வயது 27, முதல்தரப் பருத்தி வேலைக்காரன். சூ, வயது 26, முதல்தர நெல் நடவுக்காரி. பிள்ளைகள் ஜார்ஜ் 6, ஹாரி 2. தலைக்கு 620 டாலர். இரண்டு நாளும் மழை கொட்டியது. 429 பேர் விற்றார்கள், வசூல் 303,850 டாலர். முடிந்ததும் பட்லர் ஒவ்வொருவர் கையிலும் ஒரு டாலர் சில்லறை கொடுத்து அனுப்பினார். அழுகைக் காலம் என்று அந்த இரண்டு நாளுக்குக் கறுப்பின மக்கள் பேர் வைத்தார்கள். அந்த நினைவுப் பலகை ஊருக்குள் வந்தது 2008இல்தான்.

சூ நட்ட நெல்தான் என் கட்டில் காலில் சாய்ந்திருந்தது என்று எழுத ஆசையாக இருக்கிறது. எழுதக் கூடாது, அது வேறு ஆற்றங்கரைப் பண்ணை. ஆனால் அவளைப் போன்றவர்கள் நட்டது.

ஆக உங்கள் மகள் சொல்வது சரி. அதிலிருந்து ‘தங்கக் கூடாது’ என்ற முடிவுக்கு அவள் போவதைத்தான் நான் ஏற்கவில்லை. அந்த நியாயத்தை இழுத்துக்கொண்டே போனால் சவன்னாவில் நடக்கவே முடியாது. ஊர் முழுக்க நீங்கள் பார்க்கப்போகும் அந்த மங்கிய சாம்பல் செங்கல், ‘சவன்னா கிரே’, ஆற்றோரத்து ஹெர்மிடேஜ் பண்ணையில் அடிமைகள் அறுத்துச் சுட்டது. அழகில்லை என்று அப்போது அதன் மேல் காரை பூசி மறைத்தார்கள். இப்போது காரையை உரித்துக் காட்டி அதற்கும் சேர்த்து விலை வைக்கிறார்கள். நெடுஞ்சாலை மோட்டலுக்குப் போனாலும் வரலாறு வெளியே நின்றுவிடாது. சவன்னாவின் விடுதிகள் கறுப்பினத்தவரை உள்ளே விட்டது 1963 அக்டோபரில்தான். அதுவும் மூன்று வருஷம் உணவுக் கடைகளில் உட்கார்ந்து மறித்து, பிராட்டன் தெருக் கடைகளைப் புறக்கணித்து, இரவு ஊர்வலம் போய்ச் சிறைக்குப் போன பிறகு. அந்த இயக்கத்தை நடத்திய டபிள்யூ.டபிள்யூ. லா ஒரு தபால்காரர். பிற்பாடு அதே ஊரில் கறுப்பினத்தவரின் பழைய கட்டடங்களைக் காப்பாற்றவும் அவர்தான் அலைந்தார். நானாக இருந்தால் அந்த ஏழு பெண்களுக்குப் பக்கத்தில் இவர் பெயரையும் எழுதுவேன்.

ஒன்றில் மட்டும் முழுக்க மகள் பக்கம். பண்ணை வீடுகளில் கல்யாணம் வைப்பது, புல்வெளியில் வெள்ளைக் கூடாரம் அடித்து விருந்து நடத்துவது இதெல்லாம் எனக்கு ஒப்பாது. ஆட்களை விற்ற, புதைத்த நிலம் அது. நகரத்து வீடு வேறு. அதில் பல கைகளின் வாழ்க்கை படிந்திருக்கிறது: முதலாளி, அடிமை, போர்க்கால நோயாளி, ஒண்டுக்குடித்தனக்காரர், இன்று படுக்கை விரிக்கும் பெண். நான் தங்கிய வீட்டில் இரண்டு படிக்கட்டு. முன்னதில் வழவழப்பான கைப்பிடி, இரண்டு பேர் சேர்ந்தாற்போல் இறங்கலாம். பின்னது சுவருக்குள் ஒளிந்தாற்போல் ஒரு ஆள் மட்டும் நுழையும் அகலம், செங்குத்து, பலகைகள் நடுவில் தேய்ந்து குழிந்திருந்தன. காலையில் அறை சுத்தம் செய்யும் பெண்மணி நெஞ்சுயரத்துக்குத் துணி மூட்டையை அணைத்தபடி, காலை மட்டும் நம்பி அதில் இறங்கிப் போனார். விருந்தினர் கண்ணில் படாமல் போக வேண்டுமாம். கட்டியபோது என்ன விதியோ அதே விதி. தலையணை மேல் வைக்கும் பணத்தைக் கொஞ்சம் தாராளமாக வையுங்கள்.

இன்னொன்று, ‘பழைய வீடு’ என்று மகள் எல்லாவற்றையும் ஒரே கூடையில் போடுகிறாள். வருஷத்தைக் கேட்கச் சொல்லுங்கள். ஜோன்ஸ் தெருவில் எலிசா தாம்ப்சன் ஹவுஸ் 1847. பிராட்டன் தெருவில் மார்ஷல் ஹவுஸ் 1851இல் விடுதியாகவே கட்டியது, கட்டியவர் மேரி மார்ஷல் என்ற பெண். போர் முடியும் சமயத்தில் வடக்குப் படையின் ஆஸ்பத்திரியாக இருந்தது. காஸ்டோனியன் 1868. லஃபாயெட் சதுக்கத்தில் ஹாமில்டன்-டர்னர் 1873, நகை வியாபாரி கட்டியது. கொலம்பியா சதுக்கத்தில் கீஹோ ஹவுஸ் 1892, அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்து இரும்பு வார்ப்பாலை வைத்த ஒருவர் கட்டியது. வெளியில் மரம், கல் என்று நினைக்க வைக்கும் அலங்காரத்தில் பெரும்பகுதி வார்ப்பிரும்பு, அவருடைய சரக்குக்கு அவருடைய வீடே விளம்பரம். அடிமை முறை ஒழிந்த 1865க்கு முன், பின் என்பது பெரிய வித்தியாசம். பின்னால் வந்த பணமெல்லாம் சுத்தம் என்றும் சொல்ல மாட்டேன், குத்தகை என்ற பெயரில் பருத்திக் காட்டில் பழைய கதைதான் நடந்தது. ஆனாலும் கேளுங்கள். எந்த வருஷம், யார் கட்டினார்கள், எந்தப் பணம் என்று கேட்டால் மேலாளரின் முகத்திலேயே விடுதியின் லட்சணம் தெரிந்துவிடும். சிலர் பேச்சை ஒயினுக்கு மாற்றுவார்கள். சிலர் உட்கார்ந்து ஒரு மணி நேரம் சொல்வார்கள்.

விடுதியிலிருந்து நடந்தே போகக்கூடிய இரண்டு வீடுகள் இருக்கின்றன. முதலாவது ஓவன்ஸ்-தாமஸ் வீடு, 1819. வெள்ளை மாளிகையில் குழாய்த் தண்ணீர் வருவதற்கு முன்பே மழைநீர்த் தொட்டி, குழாய், கழிப்பறை எல்லாம் வீட்டுக்குள் வைத்த ஆடம்பரம். அமெரிக்க விடுதலைப் போரில் சண்டையிட்ட பிரெஞ்சுத் தளபதி லஃபாயெட் 1825இல் சவன்னா வந்தபோது தங்கியது இங்கேதான். அப்போது அது ஒரு பெண்மணி நடத்திய தங்கும் விடுதி. 2018இல் அருங்காட்சியகத்தின் பெயரிலேயே ‘அடிமைக் குடியிருப்பு’ என்று சேர்த்துக்கொண்டார்கள். கொல்லைக் கட்டடத்தின் கூரையில் வெளிறிய நீலம் பூசியிருக்கிறது. அவுரி, சிப்பிச் சுண்ணாம்பு, மோர் கலந்த பூச்சு. கெட்ட ஆவி அண்டாமல் இருக்க அங்கே குடியிருந்தவர்கள் பூசியது.

இரண்டாவது மேடிசன் சதுக்கத்தில் கிரீன்-மெல்ட்ரிம் வீடு. சார்லஸ் கிரீன் என்ற ஆங்கிலேயப் பருத்தி வியாபாரி தானாக அழைத்து ஷெர்மனைத் தங்க வைத்த மாளிகை. எல்லோரும் ஷெர்மன் அறையைப் பார்த்துவிட்டுப் போவார்கள். 1865 ஜனவரி 12 மாலை அந்த மாடியில் இருபது கறுப்பினப் போதகர்களை அழைத்து, உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார்கள். அவர்கள் சார்பில் பேசிய கேரிசன் ஃப்ரேசியருக்கு வயது 67. எட்டு வருஷம் முன்புதான் ஆயிரம் டாலர் கொடுத்துத் தன்னையும் மனைவியையும் மீட்டுக்கொண்டவர். அடிமைத்தனம் என்றால் என்ன என்ற கேள்விக்கு, இன்னொருவன் உழைப்பை அவன் சம்மதமின்றி, எதிர்க்க முடியாத பலத்தால் எடுத்துக்கொள்வது என்றார். வேண்டியது நிலம், நாங்களே உழுது பிழைத்துக்கொள்கிறோம் என்றார். நாலே நாளில் ஷெர்மன் ஆணை போட்டார். கடலோரத் தீவுகளும் ஆற்றோரக் கைவிடப்பட்ட நெல் வயல்களும் விடுதலை பெற்றவர்களுக்கு, குடும்பத்துக்கு நாற்பது ஏக்கருக்கு மிகாமல். நெல் வயல் என்று அந்த ஆணையிலேயே எழுதியிருக்கிறது. அந்த வருஷம் முடிவதற்குள், லிங்கனுக்குப் பின் வந்த ஆண்ட்ரூ ஜான்சன் நிலத்தைப் பழைய முதலாளிகளுக்கே திருப்பிக் கொடுக்க வைத்தார்.

கார் இருப்பதால் இன்னொரு இடம். ஆற்றைத் தாண்டினால் சவன்னா வனவிலங்குச் சரணாலயம். அத்தனையும் பழைய நெல் வயல். லாரல் ஹில் சாலையில் உங்கள் கார் போவது அடிமைகள் போட்ட வரப்பின் மேல். மதகுகளை இன்றும் பறவைகளுக்காகத் திறந்து மூடுகிறார்கள். நவம்பரில் வாத்துகள் வந்து இறங்கத் தொடங்கியிருக்கும். உங்கள் கணவருக்கு இது மாளிகையை விடப் பிடிக்கும் என்று பந்தயம் கட்டுவேன்.

பேய் விஷயம். சவன்னா தன்னைப் பேய் ஊர் என்றே விற்கிறது. பிணவண்டியின் கூரையை வெட்டி எடுத்துவிட்டு, அதில் ஆட்களை உட்கார வைத்து ராத்திரி ஊர் சுற்றிக் காட்டுகிறார்கள். எனக்கு எரிச்சல் வரும் வியாபாரம் இது. பேரோடு ஊரோடு வாழ்ந்து செத்தவர்களை விட்டுவிட்டு, வெள்ளைக் கவுன் போட்ட சீமாட்டி மாடியில் நடக்கிறாள் என்று கதை கட்டுகிறார்கள். பயம் தெளிய வேண்டுமானால் சூசி கிங் டெய்லர் சதுக்கத்துக்குப் போய் உட்காருங்கள். அடிமையாகப் பிறந்து, சிறுமியாக இருந்தபோது இதே ஊரில் புத்தகத்தைத் தாளில் சுற்றி மறைத்துக்கொண்டு ரகசியப் பள்ளிக்குப் போனவர். பிறகு ஆசிரியை, போர்க்களச் செவிலி, 1902இல் நூலாசிரியர். அடிமை முறைக்கு வக்காலத்து வாங்கிய கால்ஹூனின் பெயரை எடுத்துவிட்டு அவர் பெயரை வைத்திருக்கிறார்கள்.

சாப்பாடு: காலை உணவு வாடகையில் சேர்த்திதான், ஆனால் சைவம் என்று முன்பதிவின்போதே எழுதிவிடுங்கள். கிரிட்ஸ் என்பது சோளக் குருணைக் களி, வெண்ணெய் போட்டுச் சாப்பிட நன்றாக இருக்கும், இறாலோ பன்றிக் கொழுப்போ இல்லாமல் கேட்க வேண்டும். சிவப்புச் சாதம் தக்காளிச் சாதம் போலத் தெரியும், ஏமாறாதீர்கள், உள்ளே இறைச்சி இருக்கும். பீன்ஸிலும் அப்படித்தான். பிஸ்கட்டை (அங்கே அது மெத்தென்ற குட்டி ரொட்டி) நம்பலாம், அதையும் பன்றி நெய்யில் செய்தார்களா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு. சாயங்காலம் பெரும்பாலான விடுதிகளில் ஒயினும் கொறிக்க ஏதாவதும் வைப்பார்கள்.

அறை எடுக்கும்போது ஞாயிறு முதல் வியாழனுக்குள் பாருங்கள், வாடகை இறங்கும். வண்டியைத் தெருவில் நிறுத்தத்தான் பல விடுதிகள் அனுமதி அட்டை தரும், முன்பே கேளுங்கள். முழங்கால் வலி உண்டென்றால் தோட்டத் தளத்து அறையே எடுங்கள், கோடையிலும் அதுதான் குளிர்ச்சி. நவம்பர் நல்ல மாதம். மார்ச்சில் செயின்ட் பேட்ரிக் நாளையொட்டி மட்டும் போகவே போகாதீர்கள், ஊரே பச்சைச் சட்டை போட்டுக் குடித்துக் கிடக்கும்.

மகளையும் அழைத்துப் போங்கள். கிரீன்-மெல்ட்ரிம் மாடியில் அவள் கேட்கும் கேள்விகளைக் கேட்க எனக்கே ஆசையாக இருக்கிறது. சில விடுதிகள் பெரியவர்களுக்கு மட்டும் என்று சொல்லும், கல்லூரிப் பெண்ணுக்கு அதில் சிக்கல் வராது. ஆனால் அவளுக்குத் தனி அறை போடுங்கள். இருபத்தைந்தாவது திருமண நாள் அல்லவா.